றம்பொடை ஏற்றத்தில் ஒரு பழைய கார்

கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்ல வழிகள் பல உண்டு. அவிசாவளை, கினிகத்தேனை, ஹற்றன் வழியாகச் செல்வோர் சிலர். கண்டி வீதியிற் சென்று, பேராதனையிலே திரும்பி, கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக ஏறுவோர் சிலர். எமது தகப்பனார் இந்த இரண்டாவது வழியையே விரும்பினார். ஏறத்தாழ 180 கிலோமீற்றர் நீளமுள்ள அப்பாதை கடற்கரையிலே தொடங்கி 1,868 மீற்றர் உயரத்திற் சென்று முடிகிறது. வெயிலும் மழையும் மூடுபனியும் ஒரே நாளில் எதிர்ப்படும் அப்பாதையில், சென்ற சித்திரை விடுமுறையின்போது நாம் மேற்கொண்ட பயணத்தைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம். மலைகளின் அழகை எழுதுவதற்கு வேறு பலர் இருக்கின்றனர். நாம் எழுதப்போவது பெரும்பாலும் எம்மைச் சுமந்து சென்ற காரைப் பற்றியாகும்.

அந்தக் கார் தகப்பனார் 1998ஆம் ஆண்டில் வாங்கியது. யப்பானிலே சில ஆண்டுகள் ஓடிய பின் கப்பலேறி இங்கு வந்த டீசல் கார் அது. அதன் பின்புறத்திலே ‘டர்போ’ என்னும் சொல் வெள்ளி எழுத்துக்களிற் பொறிக்கப்பட்டிருந்தது. ஆசிரியத் தொழிலில் இருந்து சேமித்த பணத்தில் வாங்கியதாகையால் அதனை அவர் ஒரு பிள்ளையைப் போலப் பேணினார். எத்தனையாவது கிலோமீற்றரில் ஒயில் மாற்றப்பட்டது, எப்பொழுது வடி மாற்றப்பட்டது என்பனவெல்லாம் சிவப்பு மட்டை போட்ட ஒரு கொப்பியிலே நாள் தவறாது எழுதப்பட்டன.

2019 இறுதியில் அவர் காலமானார். அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில் நாட்டிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது கார் மாதக்கணக்காக வீட்டு முற்றத்தில் நின்றது. 2025 பெப்ரவரியிலே தனியார் வாகனங்கள் மீண்டும் வரத் தொடங்கியபோதிலும், அவற்றின் விலை எம்போன்றோருக்கு எட்டாக் கனியாகவே இருந்தது. பழைய வண்டிகளுக்கு நல்ல விலை கிடைக்கும் காலம் இதுவே என்று கருதிய தம்பி, கொள்வாரொருவரையும் பேசி வைத்தார். அம்மா மறுப்புச் சொல்லவில்லை. “கொடுப்பதற்கு முன்னர் ஒருமுறை என்னை நுவரெலியாவுக்கு அதிலே கொண்டுபோய் விடுங்கள்” என்று மாத்திரம் கேட்டார். திருமணமான புதிதில் தகப்பனார் அங்கு ஆசிரியராக இருந்தபோது அவர்கள் குடியிருந்த சிறு வீட்டை மீண்டும் பார்க்கவேண்டும் என்பது அவரது ஆசை.

காற்றுக் குறைந்த இடத்திலே

அம்மா, தம்பி, தம்பியின் மகள், நாம் ஆகிய நால்வரும் வெள்ளவத்தையிலிருந்து விடியற்காலையிற் புறப்பட்டோம். கேகாலையும் மாவனல்லையும் கடந்து கடுகண்ணாவை ஏற்றத்தை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது. பிரித்தானியர் காலத்தில் கண்டி வீதியை அமைத்த பொறியியலாளர் டோசனின் நினைவுக் கோபுரம் அங்கே நிற்கிறது. அதனைக் கடந்து செல்லும்போது, உயர்தர வகுப்பிலே பௌதிகம் படிக்கும் பெறாமகள் ஒரு கேள்வியைக் கேட்டாள்.

“பெரியப்பா, டர்போ என்றால் என்ன? அது எதற்காக?”

எமக்குத் தெரிந்ததைச் சொன்னோம். எஞ்சினிலே எரிந்து வெளியேறும் புகை வெப்பமும் வேகமும் உடையது. சாதாரண வண்டியிலே அவ்விரண்டும் வீணாகப் போகின்றன. டர்போ என்பது ஒரு தண்டின் இரு முனைகளிலும் பொருத்திய இரு சிறு சக்கரங்களாகும். வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற, மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, எஞ்சினுக்குள் ஊட்டுகிறது. காற்று மிகுந்தால் எரிபொருளையும் மிகுதியாக எரிக்கலாம், வலுவும் மிகும். அல்பிரட் பியூகி என்ற சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் இதற்கு 1905ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார்.

இதன் அருமை மலையிலேதான் விளங்கும். உயரம் செல்லச் செல்லக் காற்று ஐதாகிறது. நுவரெலியாவிலே காற்றின் அழுத்தம் கொழும்பில் உள்ளதைவிட ஐந்திலொரு பங்கு குறைவு. எனவே சாதாரண எஞ்சின் அங்கு மூச்சுத் திணறுகிறது. 1918இல் சான்போர்ட் மொஸ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் ஒரு விமான எஞ்சினைப் பைக்ஸ் பீக் என்னும் மலையின் உச்சிக்கே கொண்டு சென்று சோதித்தார். 4,300 மீற்றர் உயரமான அவ்விடத்தில், தரையிலே 350 குதிரைவலு தந்த எஞ்சின் 230 அளவுக்கு மெலிந்துவிட்டது. டர்போவைப் பூட்டியதும் இழந்த வலுவனைத்தும் மீண்டது. விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் உழைத்த இக்கருவி, 1962ஆம் ஆண்டில் ஓல்ட்ஸ்மொபில், செவ்ரொலே ஆகிய அமெரிக்கக் கார்கள் மூலம் வீட்டு வாசலுக்கு வந்தது. அந்த ஓல்ட்ஸ்மொபில் காருக்கு ஒரு தனித் திரவத்தையும் இடைக்கிடை ஊற்றவேண்டியிருந்தது. வாங்கியவர்களிற் பலர் ஊற்ற மறந்தனர். டர்போவின் வலிமையும், அதனைப் பேண மறக்கும் மனிதரின் பலவீனமும் ஆக இரண்டும் ஒரே ஆண்டிற் பிறந்தவை எனலாம்.

இதனைச் சொல்லும்போது எமக்குச் சிரிப்பு வந்தது. நாமும் அவ்வகையினரே என்பது அப்பொழுது தெரியவில்லை.

ஆறிய தேநீர்

பேராதனையிலே திரும்பிக் கம்பளையைக் கடந்தோம். மகாவலியின் பசுமை பின்னால் மறைய, தேயிலைச் செடிகள் இரு பக்கமும் தோன்றலாயின. ஏற்றம் முறுகியது. புசல்லாவையில் ஒரு கடையின் முன் தேநீருக்காக நிறுத்தினோம். நிறுத்தியதும் தம்பி சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார்.

“உங்கள் அப்பா இப்படி இறங்கமாட்டார்” என்றார் அம்மா. “வீட்டுக்கு வந்தாலும் வண்டிக்குள்ளேயே எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு இரண்டு மூன்று நிமிடம் இருப்பார். ‘தேநீர் ஆறுகிறது, இறங்கி வாருங்கள்’ என்று நான் எத்தனை முறை கூப்பிட்டிருப்பேன்! வீட்டுக்குள் வர மனமில்லையோ என்றுகூடச் சில நாட்களில் நினைத்ததுண்டு.”

இதனை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆயினும் அந்தக் கடைசி வார்த்தையிலே பழைய மனக்குறை ஒன்று இருந்ததை நாம் உணராமலில்லை.

புசல்லாவைக்கு அப்பால் ஒரு வளைவிலே வண்டியின் வலு திடீரெனக் குன்றியது. மிதிக்க மிதிக்க வேகம் ஏறவில்லை. எஞ்சினிலிருந்து பாம்பு சீறுவது போன்ற ஓர் ஓசை எழுந்தது. பின்னாலே பார்த்தால் கரும்புகை! எம்மைத் தொடர்ந்து வந்த பஸ் வண்டியின் சாரதி ஒலியெழுப்பிக்கொண்டே கடந்து சென்றார். இரண்டாம் கியரிலே ஊர்ந்து ஊர்ந்து, வழியில் இருந்த ஒரு சிறு கடைத்தெருவை அடைந்தோம். அங்கே தகரக் கூரையின் கீழ் ஒரு கராஜ் இருந்தது.

தகரக் கொட்டகையிற் கற்ற பாடம்

அக்கராஜின் உரிமையாளர் அறுபது வயது மதிக்கத்தக்க பெரியவர். இளமையிலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திர அறையில் வேலை பழகியவராம். அவர் உடனே கருவிகளை எடுக்கவில்லை. முதலில் என்ன நிறப் புகை வந்தது என்று கேட்டார்.

“கறுப்பு” என்றோம்.

“அப்படியென்றால் பயமில்லை, ஐயா. கறுப்பென்றால் டீசலுக்கு ஏற்ற காற்றுப் போகவில்லை. நீலமென்றால் ஒயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. நோயாளியின் நாக்கைப் பார்ப்பது போலப் புகையைப் பார்க்கவேண்டும்” என்றார்.

டர்போவின் ஓடு தொடமுடியாத சூட்டில் இருந்தது. அரை மணி நேரம் பொறுக்கச் சொன்னார். சூடு தணிந்த பின், டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டு செல்லும் றப்பர் குழாயைக் கழற்றி எமக்குக் காட்டினார். அதன் முனையிலே விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு இருந்தது. அழுத்திய காற்று எஞ்சினுக்குப் போகாமல் அவ்வெடிப்பினால் வெளியேறியதே சீறலுக்குக் காரணம். காற்றுக் குறைய, டீசல் முழுதும் எரியாமற் கரும்புகையாயிற்று. பழைய டர்போ வண்டிகளில் முதலிற் கெடுவது பெரும்பாலும் இத்தகைய றப்பர் குழாய்களேயாம். வெப்பமும் ஒயில் ஆவியும் வயதும் சேர்ந்து அவற்றை இறுகச் செய்கின்றன. ஓடாமல் நிற்கும் வண்டியிலும் றப்பர் முதுமையடையத் தவறுவதில்லை.

வெடித்த முனையை அவர் ஒரு விரற்கடை அளவு வெட்டியெறிந்து, மீதியை இழுத்துப் பொருத்தி, இரும்புப் பட்டியினால் இறுக்கினார். இவ்வளவுடன் வேலை முடிந்ததென்று தம்பி பணப்பையை எடுத்தார். பெரியவரோ பொருத்துமுன்னரே குழாயின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்திருந்தார். விரலில் ஒயில் படிந்திருந்தது. “கொஞ்சம் இருப்பது வழக்கம். இது கொஞ்சமன்று” என்றார்.

பின்னர் அவர் டர்போவின் வாயினூடே விரலைவிட்டு, உள்ளே உள்ள சிறு சக்கரத்தின் தண்டை மெல்ல அசைத்துப் பார்த்தார். பக்கவாட்டில் இம்மியளவு அசைவு இருக்கலாம். சக்கரம் ஓட்டில் உரசக்கூடாது. முன்னும் பின்னுமாக அசைவு தென்படவே கூடாது. எமது வண்டியிலே உரசல் இல்லை; ஆயினும் அசைவு இருக்கவேண்டியதிலும் சற்று அதிகமாயிருந்தது.

“கடைசியாக எப்போது ஒயில் மாற்றினீர்கள்?” என்று கேட்டார்.

தம்பி பதில் சொல்லவில்லை. பெறாமகள் முன்னறையிலிருந்த சிவப்புக் கொப்பியை எடுத்துப் பார்த்தாள். 2019 ஒக்டோபர் வரை தகப்பனாரின் கையெழுத்து ஒழுங்காக இருந்தது. அதற்கப்பால் எல்லாம் வெற்றுத் தாள்கள். இடையில் ஓரிருமுறை மாற்றியதாகத் தம்பிக்கு நினைவு. எப்பொழுதென்று சொல்லத் தெரியவில்லை.

பெரியவர் கடிந்துகொள்ளவில்லை. பெறாமகளைப் பார்த்தே விளக்கினார். அந்தத் தண்டு ஒரு நிமிடத்துக்கு இலட்சம் முறைக்கு மேலும் சுழலக்கூடியது. அதன் ஒரு பக்கத்திலே நெருப்புப் போன்ற புகை. மறு பக்கத்திலே குளிர்ந்த காற்று. இடையில் அதனைத் தாங்குவது மெல்லிய ஒயிற் படலம் ஒன்றே. தண்டு ஒயிலில் மிதக்கிறது என்றே சொல்லவேண்டும். எஞ்சின் ஓடும்வரை புதிய ஒயில் வந்து சூட்டையும் எடுத்துச் செல்லும். மலையேறிச் சூடேறிய வண்டியை நிறுத்தியவுடன் அணைத்துவிட்டால், ஒயில் ஓட்டமும் நின்றுவிடும். தேங்கிய ஒயில் அந்தச் சூட்டிலே தீய்ந்து கரியாகும். அக்கரி நாளடைவில் ஒயில் வரும் நுண்ணிய வழியை அடைக்கும். தண்டின் தாங்கியைத் தேய்க்கும். பின்னர் ஒயில் கசிந்து நீலப் புகை வரும்.

“ஆகையால் ஏற்றம் ஏறி வந்தால் இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டு, ஆறிய பிறகே அணைக்கவேண்டும், மகள். பழைய சாரதிமாருக்கு இது தெரியும்.”

நாம் அம்மாவைப் பார்த்தோம். அவர் கொட்டகையின் வாசலிலிருந்த வாங்கிலே அமர்ந்து, மடியிற் கைகளைக் கோத்தபடி எதிரே இருந்த மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிறிது நேரம் கழித்து, “அதற்காகத்தானா?” என்று தமக்குள்ளே சொல்லிக்கொண்டார். “ஒரு சொல் சொல்லியிருக்கலாமே!”

பெரியவர் வேறு சில எச்சரிக்கைகளும் தந்தார். இத்தகைய வண்டி வைத்திருக்கும் வாசகர்களுக்கும் பயன்படுமாதலால் அவற்றை ஈண்டுத் தருகின்றோம். டர்போவின் அழுத்தம் அளவு மீறாதிருக்கப் புகையில் ஒரு பகுதியை வேறு வழியே விடும் சிறு கதவொன்று உண்டு. அது துருப்பிடித்துத் திறந்தபடி நின்றால் வலு குறையும். மூடியபடி நின்றால் அழுத்தம் மிஞ்சி எஞ்சினுக்கே கேடு வரும். டர்போ எஞ்சின் சூடு மிகுந்ததாகையால், றேடியேற்றர் அடைபட்டிருந்தால் மலையேற்றத்திலே எஞ்சினின் மேற்றலை வெடிக்கவும் கூடும். வெப்பங்காட்டும் முள் ஏறுமாயின் உடனே ஓரங்கட்டவேண்டும். டர்போ பழுதாகிவிட்டால், ஒயில் வரும் குழாயைச் சுத்தஞ் செய்யாமலோ மாற்றாமலோ புதிய டர்போவைப் பூட்டுவது வீண் செலவு. பழையதைக் கொன்ற காரணமே புதியதையும் கொல்லும்.

யாவற்றிலும் கொடியது ஒன்றுண்டு. டர்போவின் தாங்கி முற்றாகக் கெட்டு, ஒயில் பெருகிக் காற்று வழியே எஞ்சினுக்குள் சென்றால், டீசல் எஞ்சின் அந்த ஒயிலையே எரிபொருளாகக் கொண்டுவிடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. தன்னிச்சையாக வேகமெடுத்து உடைந்து சிதறும்வரை ஓடும். கையாற் கியர் மாற்றும் வண்டியாயின், பிறேக்கை அழுத்தி, மேல் கியரைப் போட்டுக் கிளச்சை விட்டு எஞ்சினை அடக்கிவிடலாம். இயலாவிடில் அனைவரும் இறங்கி விலகி நிற்பதே புத்தி.

“இன்றைக்கு அப்படி ஒன்றும் வராது. புது ஒயில் ஊற்றித் தருகிறேன். மெதுவாகப் போய் மெதுவாக வாருங்கள். ஆனால் கொழும்புக்குப் போனதும் டர்போவை இறக்கிப் பார்க்காமல் நெடுந்தூரம் ஓடவேண்டாம்” என்று கூறி, வேலைக்கு நியாயமான கூலியைப் பெற்றுக்கொண்டார். வெட்டிய றப்பர்த் துண்டைப் பெறாமகள் கேட்டு வாங்கினாள். வகுப்பிலே காட்டுவதற்காம்.

மலையுச்சியில்

அதன்பின் தம்பி வண்டியை மிக நிதானமாகச் செலுத்தினார். மெதுவாகச் சென்றதனால் கண்கள் பயனடைந்தன. கொத்மலை நீர்த்தேக்கம் கீழே தகடு போல மின்னியது. றம்பொடை நீர்வீழ்ச்சி பாறையிலிருந்து வெண்புகை போல இறங்கியது. குன்றின் மேலிருந்த ஆஞ்சநேயர் கோயிலை நோக்கி அம்மா கைகூப்பினார். லபுக்கலையை அடைந்தபோது மூடுபனி வந்து தேயிலைச் செடிகளை ஒவ்வொரு நிரையாக மறைத்தது. புகை வருகிறதா என்று பெறாமகள் அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்த்தாள். பனியையும் புகையையும் பிரித்தறிவது எளிதாயிருக்கவில்லை.

நுவரெலியாவிலே அம்மா சொன்ன இடத்தில் அந்த வீடு இருந்தது. கூரை மாறியிருந்தது; வேறொரு குடும்பம் குடியிருந்தது. அவர்கள் எம்மை உள்ளே அழைத்துத் தேநீர் தந்தனர். சமையலறையின் புகைபோக்கி மாத்திரம் அன்றிருந்தபடியே இருப்பதாக அம்மா சொன்னார். அதிக நேரம் அங்கு இருக்கவில்லை. திரும்பி வந்து காரில் ஏறியபோது, “பார்த்தது போதும்” என்றார்.

இரவு தங்கி மறுநாட் காலையில் இறங்கினோம். ஏற்றத்தைவிட இறக்கத்திலேதான் கருத்து மிக வேண்டும். 2025 மே 11ஆம் நாள் அதிகாலையில் ஒரு பஸ் வண்டி பள்ளத்திலே பாய்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த கெரண்டி எல்லப் பகுதி இந்தப் பாதையிலேயே உள்ளது. அவ்விடத்தைக் கடக்கும்போது வண்டிக்குள் யாரும் பேசவில்லை. எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்கவேண்டும் என்று தகப்பனார் சொல்வதுண்டு. தம்பி அதனைக் கடைப்பிடித்தார்.

கொழும்பை நெருங்கும்போது தம்பி மெல்லப் பேச்செடுத்தார். கொள்ள வருபவரிடம் டர்போவைப் பற்றிச் சொல்லவேண்டுமா என்பதே அவரது ஐயம். குழாய் சரியாகிவிட்டது, புகையும் இல்லை, சொன்னால் விலை குறையும்.

அம்மா பின்னாசனத்திலிருந்து சொன்னார்: “சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விட்டால் கேட்காதவர் வேறு ஏதோ நினைத்துக்கொண்டிருப்பார், தம்பி. சொல்லிவிடு.”

வெள்ளவத்தையில் வீட்டு முற்றத்திலே வண்டி நின்றது. தம்பி சாவியிலே கை வைத்தார்; திருப்பவில்லை. எஞ்சின் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. நாமும் இறங்கவில்லை. அம்மாவும் இறங்கவில்லை. பெறாமகள் கைக்கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் என்றதும் தம்பி அணைத்தார்.

அடுத்த வாரம் கொள்பவர் வந்தார். அனைத்தையும் சொல்லி, சிவப்புக் கொப்பியையும் வெற்றுத் தாள்களோடு கொடுத்தோம். அவர் நெடுநேரம் அதனைப் புரட்டினார். டர்போவைப் பழுது பார்க்கும் செலவைக் கழித்துக்கொண்டே விலை சொன்னார். தம்பிக்கு மனம் இல்லை, ஆயினும் உடன்பட்டார். வண்டி புறப்படும்போது அம்மா வாசலுக்கு வந்து, சாரதி இருக்கையில் இருந்த அந்த மனிதரிடம் ஒன்றே ஒன்று சொன்னார்:

“வீட்டுக்குப் போனதும் உடனே அணைக்காதீர்கள், மகன். ஏனென்று வீட்டிலே உள்ளவருக்கும் சொல்லிவையுங்கள்.”